பல் அடைப்பு ஏன் அடுக்கடுக்காக வைக்கப்படுகிறது?

சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு சென்றவர்களுள் சிலர் நான்கைந்து நாள் கழித்துத் திரும்பி வருகின்றனர். ‘அடைப்பதற்கு முன்பு வலியே இல்லை, டாக்டர், இப்போதுதான் கடித்தால் சுரீரென்கிறது’ என்பது அவர்களின் முறையீடு. அது நியாயமான முறையீடே. அதன் காரணங்களுள் ஒன்று, அடைக்கும் பொருளின் சுருக்கம்.

பல்லின் நிறத்திலேயே அமையும் காம்போசிட் என்பது, பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த பசை. நீல ஒளி பட்டதும் பிசினின் மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து இறுகுகின்றன. பிணையும்போது அவை முன்னிலும் நெருங்கி அமைவதால், பசையின் கன அளவு ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது. அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் இவ்வகைப் பிசினுக்குக் காப்புரிமை பெற்றது 1962இல். அன்று முதல் இச்சுருக்கம் குறைக்கப்பட்டிருக்கிறதே தவிர, நீங்கவில்லை.

2 விழுக்காடு அற்பமாகத் தோன்றலாம். கண்ணாடித் தகட்டின்மேல் வைத்த பசை சுருங்கினால் தீங்கில்லை. கடைவாய்ப் பல்லின் குழியிலோ, பசை நான்கு சுவர்களிலும் தரையிலும் ஒட்டியிருக்கிறது. மேற்பரப்பு ஒன்றே கட்டற்றது. சுருங்க முயலும் பசை, தான் ஒட்டிய சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. ஒட்டு வலுவாயிருந்தால் மெல்லிய சுவர் சற்றே வளைகிறது. சில வேளை எனாமலில் மயிரிழை விரிசல் காண்கிறது. ஒட்டு விட்டுப்போனால் அடியில் நுண்ணிய இடைவெளி தோன்றுகிறது. கடிக்கும்போது அங்குள்ள திரவம் அழுந்தி நகர, நரம்பு அதனை வலியாக உணர்கிறது. நாளடைவில் அவ்வழியே கிருமிகள் புகுந்தால், அடைப்பின் கீழேயே மீண்டும் சொத்தை உண்டாகும்.

ஆகையால்தான் ஆழமான குழியை ஒரே மூச்சில் நிரப்புவதில்லை. வழக்கமான பொருளை 2 மி.மீ. கனத்துக்கு மிகாத அடுக்குகளாக, இயன்றவரை எதிரெதிர்ச் சுவர்களை ஒருங்கே தொடாதவாறு சாய்வாக வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குகிறோம். 4 மி.மீ. வரை ஒரேயடியாக வைக்கத்தக்க பொருள்களும் இன்று உண்டு, அவையும் சுருங்குபவையே. நெடுநேரம் வாயைத் திறந்திருப்பது, குறிப்பாக முதியோருக்கு, அயர்ச்சி தருவதை அறிவேன். ‘சீக்கிரம் முடித்துவிடுங்கள்’ என்று உடன் வந்தோர் கேட்பதும் உண்டு. அவ்வேண்டுகோளுக்கு மட்டும் நான் இணங்குவதில்லை. களைத்தால் கையை உயர்த்துங்கள், நிறுத்திக்கொள்ளலாம். சொல்லாமல் வாயை மூடினால் எச்சில் பட்டு ஒட்டு கெடும்.

வலி யாவும் சுருக்கத்தால் வருவதன்று. மரத்துப்போகும் ஊசி போட்ட நிலையில் கடிமட்டத்தைச் சரியாகச் சொல்ல இயலாது. அடைப்பு இம்மியளவு உயர்ந்திருந்தாலும் கடிக்கையில் வலிக்கும். தேய்த்துச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். குளிர்ந்த நீர் பட்டால் ஒரு கணம் கூசுவது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். கடிக்கும் வலி ஒரு வாரத்துக்குப் பின்னும் குறையாவிடில் காட்டவேண்டும். தானாகவே விண்விண்ணென்று தெறித்தல், உறக்கத்தைக் கெடுக்கும் வலி, சூடு பட்டபின் வெகுநேரம் நீடிக்கும் வலி, வீக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் நாள் எண்ணிக் காத்திராமல் உடனே வாருங்கள். கிராம்பு எண்ணெயும் வலி மாத்திரையுமாக நாளைக் கடத்துவது பல்லின் நரம்பைக் காப்பாற்றாது.

வருமுன் ஒன்றைக் கவனித்து வாருங்கள்: வலிப்பது கடிக்கும்போதா, கடியை விடும்போதா? விடும்போது எனில், விரிசலைத்தான் முதலில் தேடுவோம்.