பழகிப்போன இலைத்தூளும் அதிலிருந்து மீளும் வழியும்

வயலிலும் தோட்டத்திலும் உழைப்பவருக்கு இடுப்பு நோவும் முழங்கால் நோவும் கூடப் பிறந்தவை. சொந்தக் காணியை விட்டு வந்து பிறர் நிலத்தில் நாட்கூலிக்கு நிற்பவருக்கு, நோவென்று ஒரு நாள் படுத்திருக்கவும் வழியில்லை. அன்றைய கூலி போய்விடும். இப்படியான ஒருவரிடம் யாராவது வந்து, "இது இரசாயன மருந்து அல்ல, வெறும் இலை. குடித்தால் நோவும் தெரியாது, களைப்பும் தெரியாது" என்று சொன்னால், அவர் வாங்கிக் குடிப்பதில் வியப்பில்லை.

அத்தகைய ஓர் இலையைப் பற்றியே இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். அது எங்கே விளைகிறது, ஒருவரை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, நிறுத்தும்போது உடம்பில் என்ன நடக்கிறது, வைத்தியர் தூரத்தில் இருந்தாலும் சிகிச்சை பெறுவது எவ்வாறு என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம். இந்தக் கதையின் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவில் நடந்தது. ஆயினும் அதிலிருந்து நாமும் கற்றுக்கொள்ள வேண்டியவை பல உள்ளன.

மரமும் இலையும்

கிராட்டம் என்பது தென்கிழக்காசியாவின் ஈரநிலங்களில் வளரும் ஒரு மரம். தாய்லாந்தில் இதைக் கிரதோம் என்பர். மலேசியாவில் கெத்தும் என்பர். கோப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. எமது உலர்வலயக் குளங்களின் ஓரத்தில் நிற்கும் நீர்க்கடம்பு இதற்கு உறவுமுறை மரமாகும். ஆனால் நீர்க்கடம்பும் இதுவும் ஒன்றல்ல. ஆகவே அதன் இலையைப் பறித்து அவித்துப் பார்க்கும் வேலை எவருக்கும் வேண்டாம்.

தாய்லாந்தின் தென்பகுதியிலும் மலேசியாவின் வடபகுதியிலும் விவசாயிகளும் கூலியாட்களும் வெயிலையும் களைப்பையும் தாங்குவதற்காக இந்தப் பச்சை இலையை மென்று வந்தனர். அவித்துத் தேநீர் போலவும் குடித்தனர். தாய்லாந்து 1943இல் இதைச் சட்டத்தால் தடைசெய்தது. 2021 ஆகஸ்ட் மாதத்தில் அந்நாட்டின் போதைப்பொருட் பட்டியலிலிருந்து இது நீக்கப்பட்டது.

இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான் மாகாணத்தில் கப்புவாஸ் ஹூலு என்ற பகுதி உள்ளது. அங்கே பல குடும்பங்கள் இந்த இலையைப் பறித்து, உலர்த்தி, தூளாக்கி விற்றே சீவிக்கின்றன. அந்தத் தூளில் பெரும்பங்கு கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போகிறது. விளைவிப்பவரைக் குறைகூறுவது எமது நோக்கமல்ல. அவரும் எம்மைப்போல் ஒரு விவசாயிதான். இலை அவர் கையை விட்டுப் போன பின்னர் நடப்பதையே நாம் பார்க்க வேண்டும்.

கடைத் தட்டுக்கு வந்த கதை

அமெரிக்காவில் இது மருந்தாக விற்கப்படவில்லை. சத்துப்பொருள் போல, பெற்றோல் நிலையக் கடைகளிலும் புகைப்பொருட் கடைகளிலும் தபால் மூலமும் விற்கப்படுகிறது. நோவு உள்ளவர்கள், வேறு போதைப்பொருளை விட முயன்றவர்கள், இரவு வேலை செய்பவர்கள் எனப் பலர் வாங்கினார்கள். "இயற்கையானது" என்ற சொல்லே அவர்களுக்கு நம்பிக்கை தந்தது.

2016 ஆகஸ்டில் அந்நாட்டின் போதைப்பொருட் கட்டுப்பாட்டு நிறுவகம் இதைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. பாவனையாளரிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்ததால் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே அந்த அறிவித்தலை மீளப் பெற்றது. 2018இல் கிராட்டம் தூளில் சல்மொனெல்லா என்ற கிருமி கலந்திருந்து, 41 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றனர். இலை நல்லதா கெட்டதா என்ற கேள்வி ஒருபுறமிருக்க, பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதே வாங்குபவருக்குத் தெரியாத நிலை இது.

பின்னர் இன்னொரு மாற்றம் வந்தது. இலையில் மிகச் சிறிதளவே காணப்படும் 7-ஹைட்ரொக்சிமித்திராஜைனின் என்ற பொருளைச் செறிவாக்கிக் குளிசைகளாக விற்கத் தொடங்கினர். பச்சை இலையை மெல்லுவதும் இந்தக் குளிசையை விழுங்குவதும் ஒன்றல்ல. கள்ளும் கசிப்பும் ஒரே வலுவுடையவை என்று எவரும் சொல்லமாட்டார்கள் அல்லவா? 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இச்செறிபொருளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமெனச் சிபாரிசு செய்தது.

உடம்பு ஏன் பழகிக்கொள்கிறது?

எமது மூளையிலும் நரம்புகளிலும் நோவைத் தணிக்கும் சில வாயில்கள் உள்ளன. உடம்பு தானே சுரக்கும் பொருள்கள் அவற்றைத் திறக்கின்றன. அபின், மோர்பின், ஹெரோயின் ஆகியனவும் அதே வாயில்களையே திறக்கின்றன. கிராட்டம் இலையிலுள்ள மித்திராஜைனினும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. ஆகவே இது அபின் அல்ல என்றாலும், அபினின் வழியிலேயே நடக்கிறது.

ஒரு வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். மேலே இருந்து அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் வந்தால் கமக்காரன் வயலின் வாய்களை ஒவ்வொன்றாக அடைக்கிறான். உடம்பும் அவ்வாறே செய்கிறது. வெளியிலிருந்து நாள்தோறும் தூள் வருவதால் அது தன் வாயில்களை மந்தமாக்கிக்கொள்கிறது. அப்போது முன்பு எடுத்த அளவு போதாமற் போகிறது. ஒரு கரண்டி எடுத்தவர் இரண்டு எடுக்கிறார். காலையில் மட்டும் எடுத்தவர் மதியமும் இரவும் எடுக்கிறார். பின்னர் ஒரு நாள் தூள் கிடைக்காவிட்டால் வாய்க்கால் வரண்டு போகிறது. அடைத்த வாய்களோ உடனே திறப்பதில்லை. இந்த இடைக்காலமே அவர் படும் வேதனை.

இதை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இது சோம்பலோ நடிப்போ மனவலிமைக் குறைவோ அல்ல. உடம்பு தன்னை மீண்டும் சரிசெய்ய எடுக்கும் காலம்.

நிறுத்தும்போது தோன்றும் குறிகள்

நாட்பட எடுத்தவர் திடீரென நிறுத்தினால், வழக்கமாக அரை நாள் தொடக்கம் இரண்டு நாட்களுக்குள் பின்வரும் குறிகள் தோன்றும்:

* மூக்கு ஒழுகுதல், கண்ணீர் வடிதல், ஓயாத கொட்டாவி
* வியர்வை, குளிர், மயிர்க்கூச்செறிதல்
* தசை நோவு, கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க முடியாமை
* சத்தி, வயிற்றோட்டம், பசியின்மை
* நித்திரையின்மை, எரிச்சல், பதற்றம், மனச்சோர்வு

உடற்குறிகள் சில நாட்களில், பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தணியும். நித்திரையின்மையும் மனச்சோர்வும் அதற்குப் பிறகும் கிழமைக்கணக்கில் நீடிக்கலாம். பலர் உடல் தேறிய பின்னரும் இந்தச் சோர்வைத் தாங்கமாட்டாமல் மீண்டும் தூளைத் தொடுகின்றனர்.

ஓர் அபாயத்தை மறக்கக்கூடாது. சில நாட்கள் நிறுத்தியிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அவர் திரும்பப் போய் முன்பு எடுத்த அளவையே எடுத்தால், குறிப்பாக மதுவுடனோ நித்திரைக் குளிசையுடனோ எடுத்தால், மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து வரலாம்.

வைத்தியர் தூரத்தில் இருக்கும்போது

அபின் வகைப் பழக்கத்திலிருந்து மீட்பதற்குப் புப்ரெனோர்பின் என்ற மருந்து உண்டு. அமெரிக்காவில் 2002இல் இது இத்தேவைக்காக அங்கீகரிக்கப்பட்டது. இது முன்னர் சொன்ன வாயில்களைப் பாதியளவே திறந்து, அங்கேயே உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வேதனை தணிகிறது, போதை மேலோங்குவதில்லை. கிராட்டத்துக்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. பழக்கம் கடுமையாக உள்ளவருக்கு வைத்தியர்கள் தம் மதிப்பீட்டின்படி இதைக் கொடுக்கின்றனர். இலேசாக உள்ளவருக்குத் தூளின் அளவைப் படிப்படியாகக் குறைப்பதும், வியர்வை, வயிற்றோட்டம் முதலியவற்றுக்கு வெவ்வேறு மருந்து கொடுப்பதும் போதுமாகலாம்.

ஆனால் இம்மருந்தைப் பெறுவது நெடுங்காலம் இலகுவாக இருக்கவில்லை. 2008இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின்படி, வைத்தியர் நோயாளியை ஒரு தடவையாவது நேரில் பார்த்த பின்னரே கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதலாம். கணினி வழியே குளிசை வாங்கி உயிரிழந்த ஓர் இளைஞனின் பெயரில் இயற்றப்பட்ட சட்டம் அது. நோக்கம் நல்லது. எனினும் வைத்தியர் இல்லாத நாட்டுப்புறங்களில் வாழ்ந்தோர் இதனால் சிகிச்சையின்றி இருந்தனர்.

2020 மார்ச்சில் கொவிட் நோய் பரவியபோது இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. தொலைபேசியில் பேசியே புப்ரெனோர்பின் தொடங்க அனுமதி கிடைத்தது. இதை எழுதுவதற்கு வைத்தியர்கள் பெறவேண்டியிருந்த விசேட அனுமதியும் 2022 டிசெம்பர்ச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான விதியொன்று, தொலைபேசி மூலமே முதல் ஆறு மாதத்துக்கு இம்மருந்தை எழுத இடமளித்தது.

சிகிச்சை நடக்கும் முறை

முதலாவது, உண்மையைச் சொல்லுதல். என்ன தூள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவு காலம், கடைசியாக எடுத்தது எப்போது, மது அல்லது வேறு குளிசை உண்டா என வைத்தியர் கேட்பார். வெட்கத்தால் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவு பிழைத்துவிடும். வெற்றுப் பொதியை எறியாமல் வைத்திருந்து காட்டுவது நல்லது.

இரண்டாவது, காத்திருத்தல். வேதனைக் குறிகள் நன்றாகத் தொடங்கிய பின்னரே முதல் அளவை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால், புப்ரெனோர்பின் வாயிலில் இருக்கும் பொருளைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும். வேதனை ஒரேயடியாகக் கூடிவிடும். எனவே நாடித்துடிப்பு, வியர்வை, கண்மணியின் அளவு, கொட்டாவி முதலான 11 குறிகளுக்குப் புள்ளியிட்டு, வேளை வந்துவிட்டதா என்று வைத்தியர் தீர்மானிக்கிறார்.

மூன்றாவது, மருந்தை எடுத்தல். இதை விழுங்கக்கூடாது. நாக்கின் கீழ் வைத்துக் கரையவிட வேண்டும். கரைந்த பின் தண்ணீரால் வாயை அலசி விழுங்கிவிட்டு, ஒரு மணித்தியாலம் கழித்தே பல் துலக்க வேண்டும். இல்லாவிடில் பற்கள் பழுதாகும்.

நான்காவது, தொடர்ந்து பேசுதல். முதல் நாட்களில் வைத்தியரோ தாதியோ அடிக்கடி அழைத்து விசாரிப்பர். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்வர். அவசரப்பட்டு நிறுத்தியவர்கள் பலர் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கின்றனர்.

நேரில் போயே ஆகவேண்டியவர்கள்

தொலைபேசி எல்லாவற்றையும் செய்யாது. கர்ப்பிணிகள், வலிப்பு வந்தவர்கள், நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள், மதுவையும் நித்திரைக் குளிசையையும் சேர்த்து எடுப்பவர்கள், தண்ணீர்கூட வயிற்றில் தங்காதவர்கள், உயிரை மாய்க்க நினைப்பவர்கள் ஆகியோரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாய் கர்ப்ப காலத்தில் கிராட்டம் எடுத்திருந்தால், பிறந்த குழந்தைக்கும் இதே வேதனை வருவதுண்டு.

எமக்கு இதில் என்ன?

இந்தத் தூளின் பெயரை எம்மில் பலர் இன்றுதான் கேள்விப்படுகிறோம். ஆனால் நோவுக்குத் தரப்படும் ட்ரமடோல் குளிசையும், கோடீன் சேர்ந்த மருந்துகளும் அதே வாயில்களையே திறப்பவை. ஒருவருக்கு எழுதிய துண்டில் மற்றவர் வாங்கி விழுங்கினால், கதை இங்கும் ஒன்றுதான். பிரெகபலின் வேறு வகையானது. நாட்பட எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். ஆகவே எதை எடுத்தாலும், "நாளைக்கே விட்டுவிடு" என்று அதட்டுவதற்கு முன்னர் வைத்தியரைக் கேளுங்கள்.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் காசும் ஒரு நாட்கூலியும் பெரிய தடை. அதனால் தொலைபேசியை முதற்படியாகக் கொள்ளலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உயிராபத்தானால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் உளநலப் பிரிவு உண்டு; அங்கு கட்டணமில்லை. 2020 ஊரடங்கின்போது கிளினிக் நோயாளருக்கு மருந்துகள் தபாலில் வந்ததை நீங்கள் அறிவீர்கள். எனவே தூரத்திலிருந்து சிகிச்சை என்பது எமக்கும் முற்றிலும் புதியதல்ல.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியவையும் உண்டு. சத்தியும் வயிற்றோட்டமும் உள்ளவருக்கு ஜீவனி கரைசலும் கஞ்சியும் அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். மருந்தைப் பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். பெரியவருக்கு அளவான புப்ரெனோர்பின் ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்திவிடக் கூடும். இரவில் அவர் நித்திரையின்றி இருந்தால் ஒருவர் மாறி ஒருவர் கூட இருங்கள். கட்டி வைப்பதும், அடிப்பதும், அயலாருக்கு முன் இகழ்வதும் நோயைத் தீர்க்கா. ஒளித்து எடுக்கவே பழக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோவுக்கு வழி தேடுங்கள். இடுப்பு நோவினால் தூளைத் தொட்டவருக்கு அந்த நோவு அப்படியே இருந்தால், அவர் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? பாரமான வேலையைச் சில காலம் மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டால், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

கலந்துரையாடுவோம்

1. "இயற்கையானது" என்று சொல்லி எமது ஊரில் விற்கப்படும் பொருள்கள் எவை? அவற்றின் பொதியில் என்ன எழுதப்பட்டுள்ளது?
2. எமது பகுதியில் மிக அருகிலுள்ள உளநலப் பிரிவு எங்கே? எந்த நாளில் கிளினிக் நடைபெறுகிறது? யார் போய் விசாரித்து வருவது?
3. தொலைபேசி இல்லாத குடும்பம் ஒன்று தனிமையில் பேசி ஆலோசனை பெறுவதற்கு நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?
4. ஒருவர் சிகிச்சையில் இருக்கும் இரண்டு கிழமைக்கு அவருடைய வீட்டின் கூலியிழப்பை எமது சங்கம் எப்படி ஈடுசெய்யலாம்?