வினைல் தரை: பாட்டிக்கு இதம், பேரனுக்கு?

மார்கழிக் காலையில் ஓசூரில் கிரானைட் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். குளிர் சுரீரென்று முழங்கால் வரை ஏறும்! சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், தன் தாயாரையும் மூன்று வயது மகனையும் அழைத்து வந்திருந்தார்.

"அம்மாவுக்கு முட்டி வலி டாக்டர். வீடு பூரா வினைல் டைல்ஸ் ஒட்டிடலாம்னு பாக்கறோம். பையனுக்கு அடிக்கடி இழுப்பு வருது. அவனுக்கு ஒண்ணும் பண்ணாதே?"

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழலாம்.

நன்மைகள்

வினைல், கல்லைப் போல் காலின் சூட்டை இழுக்காது. வாத உடம்புக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். மிதிக்கச் சற்று மெத்தென்றிருக்கும். பழைய தரை சமமாக இருந்தால், உடைக்காமல் மேலேயே ஒட்டலாம். ஈரத்துணியால் துடைத்தாலே சுத்தமாகிவிடும்.

தீமைகள்

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். அது வளைந்து கொடுப்பதற்காகப் பல வகைகளில் 'தாலேட்' என்ற ரசாயனம் சேர்க்கிறார்கள். அது மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் கலக்கும். தரையில் புரளும் குழந்தைதான் அதை அதிகம் சுவாசிக்கும். 2004-ல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வில், தூசியில் சில தாலேட்டுகள் மிகுந்த வீடுகளின் குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் கரப்பானும் கூடுதலாகக் காணப்பட்டன. தாலேட்தான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் நான்கு தாலேட்டுகளுக்குக் கடும் வரம்பு விதித்துள்ளது.

இன்னொன்று, ஈரம். தரையின் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்புக்காரர்களுக்கு அதுவும் ஆகாது.

ஒட்டுவதாக இருந்தால்...

1. ஒன்றரை அடி சதுர பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கட்டினால் வினைல் வேண்டாம்.

2. தாலேட் இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். வாடை போகும் வரை ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

3. சாம்பிராணித் தணலை அதன் மேல் வைக்காதீர்கள். மிஞ்சிய துண்டுகளை எரிக்காதீர்கள். புகை நுரையீரலை அரிக்கும்.

"பாட்டி அறையில் மட்டும் ஒட்டுங்கள்" என்றுதான் முதலில் சொன்னேன். "இவன் பாட்டிகிட்டதான் படுப்பான்" என்றார் அவர். அப்படியானால் அங்கேயும் வேண்டாம் என்றேன். பாட்டிக்கு வீட்டுக்குள் வழுக்காத செருப்பு, உட்காரக் கோரைப்பாய், இரண்டும் போதும். முட்டிக்கு மருந்து இருக்கிறது. பிஞ்சு நுரையீரலை நாம்தான் காக்க வேண்டும்!