பாற்கட்டி சேர்த்த உணவுகளும் வெப்பமும்



பாற்கட்டி பற்றிய வினாவுக்குப் போசணைப் பெறுமானத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு, சமைக்கும் முறையை ஒரே வரியில் முடிப்பவர்கள் பலர். "பாற்கட்டியைச் சேர்த்து நன்கு கொதிக்க விடுக" என்பதே அந்த வரி. பிழை முழுவதும் "கொதிக்க" என்ற சொல்லில்தான் இருக்கின்றது.

பாலை பற்றீரியாக்களாலும் றெனின் நொதியத்தாலும் திரளச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டு, அழுத்தி, முதிர விட்டுப் பெறுவதே செடார் பாற்கட்டி. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 10 லீற்றர் பால் தேவை. எனவே 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 33 கிராம் கொழுப்பும் 700 மில்லிகிராம் கல்சியமும் செறிந்துள்ளன.

இதைச் சூடாக்கும்போது முதலில் கொழுப்பு இளகும். ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் புரத வலை தளர்ந்து பாற்கட்டி உருகும். இதற்கு மேலும் நெடுநேரம் சூடாக்கினால் புரதம் இறுகி, தன்னுள் இருந்த நீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். இறப்பர் போன்ற கட்டியும் மேலே மிதக்கும் எண்ணெயும்தான் மிஞ்சும். அதன்பின் எவ்வளவு கிளறினாலும் சோஸ் பழைய நிலைக்கு வராது.

மக்கரோனிப் பாற்கட்டியில் இதைக் கவனியுங்கள். 100 கிராம் மக்கரோனியை உப்பு நீரில் அவித்து வடிக்கவும். 25 கிராம் பட்டரை உருக்கி, 25 கிராம் கோதுமை மாவைச் சேர்த்து, நிறம் மாறாமல் ஒரு நிமிடம் கிளறவும். அடுப்பிலிருந்து இறக்கி 300 மில்லிலீற்றர் பாலைச் சிறிது சிறிதாகக் கலக்கவும். மீண்டும் அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டே கொதிக்க விடவும். கொதிக்க வேண்டிய இடம் இதுதான். மாப்பொருள் வீங்கித் தடிப்பதற்கு அது அவசியம். தடித்ததும் இறக்கி, அதன் பின்னரே துருவிய பாற்கட்டி 75 கிராமைச் சேர்க்கவும். சோஸின் சூடே அதை உருக்கப் போதுமானது. துருவுவதும் இதற்காகவே: சிறு துகள்கள் குறைந்த வெப்பத்தில் விரைவாக உருகும். உப்பைக் கடைசியில், சுவை பார்த்த பின் சேர்க்கவும். பாற்கட்டியிலேயே உப்பு உண்டு.

மக்கரோனியைக் கலந்து, மேலே சிறிது பாற்கட்டியும் பாண் தூளும் தூவி, 200 பாகை செல்சியசில் பொன்னிறமாகும் வரை வேக வைக்கவும். "போறணைச் சூட்டில் மட்டும் இறுகாதா?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மேற்படை சற்று இறுகத்தான் செய்யும். அங்கு நாம் விரும்புவது மொறுமொறுப்பு. கசியும் கொழுப்பைப் பாண் தூள் உறிஞ்சிக்கொள்ளும். போறணை இல்லாத வீட்டில் மேற்படை இல்லாமலே சூடாகப் பரிமாறலாம்.

பதப்படுத்திய பாற்கட்டியில் குழம்பாக்கும் உப்புகள் இருப்பதால் அது எளிதில் பிரியாது. ஆனால் முதிர்ந்த செடாரின் சுவை அதில் இல்லை. பனீர் அமிலத்தால் திரள்வதால் உருகாது. ஆகவே பொரிக்கலாம், சோஸுக்கு உதவாது.

விருந்தினரை உபசரிக்கப் பாற்கட்டிக் குச்சிகள் ஏற்றவை. 100 கிராம் மாவில் 50 கிராம் பட்டரை விரல் நுனியால் உதிர்த்து, 75 கிராம் துருவிய பாற்கட்டி, முட்டை மஞ்சட்கரு ஒன்று, சிறிது மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசையவும். மெல்லிய குச்சிகளாக வெட்டி 190 பாகையில் பொன்னிறமாகச் சுடவும். ஆறிய பின் காற்றுப்புகாத தகரத்தில் இட்டால் முதல் நாளே செய்து வைக்கலாம். விருந்தினருள் சைவ உணவினர் இருப்பின் முட்டையைத் தவிர்த்து, குளிர்ந்த பால் சேர்க்கவும். பாற்கட்டியின் சுட்டுத்துண்டையும் வாசியுங்கள்: றெனின் கன்றின் இரைப்பையிலிருந்தும் பெறப்படும், நுண்ணங்கி நொதியத்தால் செய்ததையே தெரிவு செய்ய வேண்டும்.

மாதிரி வினா: பாற்கட்டிச் சோஸ் திரிதிரியாகி எண்ணெய் பிரிந்தமைக்குக் காரணமும் தவிர்க்கும் வழியும் தருக.

விடை: மிகை வெப்பத்தால் புரதம் இறுகி நீரையும் கொழுப்பையும் வெளியேற்றியமை. சோஸை அடுப்பிலிருந்து இறக்கிய பின் துருவிய பாற்கட்டியைச் சேர்த்தல்; மீண்டும் கொதிக்க விடாமை.