அக்கம்பக்கம் எப்படி?

கேள்வி: மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறோம். திருவல்லிக்கேணி, அண்ணா நகர், ஓ.எம்.ஆர். அடுக்ககம்... எங்கே அக்கம்பக்கம் நன்றாக இருக்கும்?
– வாசகி, திருச்சி

பதில்: தனிமை வேண்டுமென்றால் திருவல்லிக்கேணிப் பக்கமே போகாதீர்கள். பார்த்தசாரதி கோயில் மாடவீதி, 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி, பேச்சிலர்களின் மேன்ஷன்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில் நெருக்கியடித்து நிற்கும் பேட்டை அது. ஒண்டுக்குடித்தனத்தில் உங்கள் வீட்டுக் குழம்பின் வாசனை தாளிக்கும்போதே மாடிவரை போய்விடும். “யாரும்மா வந்திருக்கா?” என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லவேண்டும். எரிச்சலாக இருக்கும். ஆனால் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், ஆட்டோ பிடித்துவர ஓடுகிறவரும் அதே கேள்வியைக் கேட்டவர்தான்.

அண்ணா நகர் வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு அமைத்தது; 1968 கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் பூங்காவில் இன்னும் நிற்கிறது. அகலத் தெரு, நிழல், காம்பவுண்டுச் சுவர். பக்கத்து வீட்டுக்காரரைப் பூங்கா நடைப்பயிற்சியில்தான் பார்ப்பீர்கள்.

ஓ.எம்.ஆரில் அக்கம்பக்கம் என்பது வாட்ஸ்அப் குழு. லிஃப்டில் பேசாதவர்கூட அங்கே பார்க்கிங் தகராறில் பொரிந்து தள்ளுவார். கோடையில் தண்ணீர் லாரி வரத் தாமதமானால் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி!

உங்களுக்குச் சின்னக் குழந்தைகள் என்றால் என் ஓட்டு திருவல்லிக்கேணிக்கு. முன்பணம் கொடுக்குமுன் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். தண்ணீர் எப்போது வரும் என்று திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் கேளுங்கள். தரகர் சொல்லாததெல்லாம் வந்துவிடும்.