ஒற்றை நாற்காலி மலை

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஒரு எந்திரம் நல்ல எந்திரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் வகுப்பில் யாரைக் கேட்டாலும், "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வேலை செய்யுது?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதிகம் செய்தால் நல்ல எந்திரம், குறைவாகச் செய்தால் காயலான் கடைக்கு. இந்தக் கணக்கைத் தெரிந்தே தலைகீழாகப் போட்ட ஒரு மலை இருக்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம், ஃபேஸ்டன் என்ற சிற்றூர், ஜெனரல் ஸ்டார்க் மலை. அந்த மலைச் சரிவில் உள்ள பழைய பனிச்சறுக்கு மையத்தின் பெயர் மேட் ரிவர் கிளென்.

நான் அங்கே போனதில்லை. எனக்குத் தெரிந்த பனி மார்கழி மாதத்துப் பனி மட்டும்தான். ஆனாலும் இயந்திரவியல் படிக்கிற நாம் அந்த மலையை ஒரு தடவை மனசாலாவது சுற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வாழைத்தாரில் பிறந்த நாற்காலி

பனிச்சறுக்கில் இறங்குவது சுலபம், புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். கஷ்டம் ஏறுவதில்தான். ஒரு காலத்தில் சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து ஏறி, சில நிமிடங்களில் சறுக்கி இறங்கினார்கள். இதற்கு விடை கண்டவர் ஜிம் கரன். யூனியன் பசிபிக் ரயில்வே நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். கப்பலில் வாழைத்தார் ஏற்றுவதற்குக் கொக்கிகள் மாட்டிய, ஓடிக்கொண்டே இருக்கும் கம்பிவட அமைப்பு அவருக்குப் பழக்கம். வாழைத்தார் தொங்கும் இடத்தில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டால் என்ன என்று யோசித்தார்.

ஓடுகிற நாற்காலியில் நிற்கிற மனிதன் எப்படி உட்காருவான் என்பது அடுத்த கேள்வி. இதைச் சோதித்த விதம்தான் ருசியானது. ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி ஓட்டினார்கள். அங்கே பனி இல்லாததால் முதலில் வைக்கோல் மேல் ஒருவரைச் சறுக்குப் பலகையோடு நிறுத்தினார்கள். அது சரிப்படவில்லை என்றதும் உருளைச் சக்கரக் காலணி மாட்டி நிறுத்தினார்கள். மணிக்கு 4 முதல் 5 மைல் வேகம் என்றால் ஆளுக்கு அடிபடாமல் அள்ளிக்கொள்ளலாம் என்று தெரிந்தது. 1936-இல் ஐடஹோ மாநிலம் சன் வேலியில் உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் ஓடியது. ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள்.

அதே வகை ஒற்றை நாற்காலி லிஃப்ட்தான் 1948-இல் மேட் ரிவர் கிளெனில் அமைந்தது. அமைத்தவர் ரோலண்ட் பால்மெடோ. ஆடம்பர விடுதிகள் வேண்டாம், சறுக்கத் தெரிந்தவனுக்கு நல்ல மலை போதும் என்பது அவர் எண்ணம்.

வேலை செய்யும் விதம்

மலையடியில் ஒரு பெரிய கப்பி, உச்சியில் ஒரு பெரிய கப்பி. இரண்டையும் சுற்றி முடிவில்லாத வளையமாக ஒயர் ரோப். ஒரு கப்பியை மோட்டார் சுற்றும். நடுவில் தூண்கள், தூண்களின் மேல் சின்னச் சின்ன சக்கரங்கள், அவற்றின் மேல் ரோப் ஓடும். ரோப் தளர்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்க ஏற்பாடு உண்டு. நாற்காலிகள் ரோப்பை நிரந்தரமாகக் கவ்வியிருக்கும். திடீரென்று மோட்டார் நின்றால் ஏறுகிற பக்கத்து எடை முழுவதும் பின்னோக்கி இழுக்கும். அதனால் பின்னால் உருளாமல் தடுக்கிற பிரேக் மிக முக்கியம். மோட்டார் கெட்டுப்போனால் லிஃப்ட் நிற்கும், அவ்வளவுதான். இந்த பிரேக் கெட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. ரோப்பின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். நாற்காலிக்கு நாற்காலி இடைவெளி 15 மீட்டர். அப்படியானால் 7.5 வினாடிக்கு ஒரு நாற்காலி வரும். மணிக்கு 3600 ÷ 7.5 = 480 நாற்காலிகள், அதாவது 480 பேர். ஒருவருடைய எடை சாமான்களோடு 80 கிலோ, ஏறும் உயரம் 600 மீட்டர் என்றால், தேவைப்படும் சக்தி (480 × 80 × 9.81 × 600) ÷ 3600. விடை சுமார் 63 கிலோவாட். காலி நாற்காலிகளின் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஏறுகிற பக்கமும் இறங்குகிற பக்கமும் அவை ஒன்றையொன்று சமன் செய்துவிடும். உராய்வுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதே இடைவெளியில் நான்கு பேர் உட்காரும் நாற்காலி போட்டால்? மணிக்கு 1,920 பேர். சக்தியும் நான்கு மடங்கு. மோட்டாரும் ரோப்பும் தூணும் பெரிசாக்கினால் தீர்ந்தது என்று நாம் பேப்பரை மடித்துவிடுவோம். ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. அது மலை.

எந்திரம் தாங்கும், மலை தாங்குமா?

மேட் ரிவர் கிளென் பெரும்பாலும் வானத்திலிருந்து விழும் பனியை நம்பி நடக்கிறது. பல மையங்களில் தண்ணீரைப் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்கிறார்கள், இங்கே அது மிகக் குறைவு. பாதைகள் ஒடுக்கமானவை. மரங்களுக்கு நடுவே, பாறைகளைச் சுற்றி, மலை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து இறங்கும். ஒவ்வொரு ஆளும் திரும்பும்போது பலகையின் விளிம்பு கொஞ்சம் பனியைச் சுரண்டித் தள்ளும். மணிக்கு 480 பேர் இறங்கினால் அந்தப் பனி நிற்கும். 1,920 பேர் இறங்கினால் மத்தியானத்துக்குள் பனிக்கட்டியும் பாறையும் பல்லைக் காட்டும்.

ஆக, ஒற்றை நாற்காலிதான் அந்த மலைக்குக் குழாய் வாய். வாய் சின்னது என்பதால்தான் தொட்டி காலியாகவில்லை. கீழே வரிசையில் காத்திருக்க வேண்டும், உண்மைதான். மேலே போனால் நல்ல பனியும் ஆளில்லாத பாதையும் கிடைக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் இந்த மலையை விட்டுக்கொடுக்காததற்கு இதுதான் காரணம். "முடிந்தால் சறுக்கிப் பார்" என்பது அவர்களுடைய முழக்கம். ஸ்னோபோர்டு எனப்படும் ஒற்றைப் பலகைக்கு அனுமதி கிடையாது. இதை வறட்டுப் பிடிவாதம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இயற்கைப் பனியை நம்பினால், பனி குறைந்த வருஷம் வருமானமும் குறையும்.

சறுக்குபவர்களே சொந்தக்காரர்கள்

பால்மெடோவுக்குப் பிறகு 1972-இல் மலை கை மாறியது. பின்னர் பெட்ஸி பிராட் என்ற அம்மையார் அதைப் பல வருஷம் நடத்தினார். பெரிய கம்பெனிக்கு விற்றால் மலையின் குணமே மாறிவிடும் என்று நினைத்தவர் அவர். 1995-இல் சறுக்குபவர்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அவரிடமிருந்து மலையை வாங்கினார்கள். ஒருவர் நான்கு பங்குக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பெரிய மாற்றம் எதுவானாலும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும்.

பங்கு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் ஊர் பால் கூட்டுறவுச் சங்கத்தில். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. ஆனால் பால் அளக்கிற இடத்தில் ஏதாவது பழுதென்றால், "இது நம்ம சங்கம், ஏன் சரி பண்ணலை?" என்று அம்மா உரிமையோடு கேட்கும். சொந்தம் என்று ஆகிவிட்டால் எந்திரத்தைப் பார்க்கிற கண்ணே வேறு.

புதுசா, பழசா?

அறுபது வருஷம் நெருங்கியபோது லிஃப்ட் தேய்ந்துபோனது. அதை எடுத்துவிட்டு இரட்டை நாற்காலி போடலாமா என்ற யோசனையும் வந்தது. உறுப்பினர்கள் ஒற்றையே போதும் என்றார்கள். வெர்மான்ட் பாதுகாப்பு அறக்கட்டளையின் துணையோடு நன்கொடை திரட்டி, பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து 2007-இல் முழுவதும் சீரமைத்தார்கள். பழைய தூண்களைக் கழற்றிச் செப்பனிட்டு மறுபடி நிறுத்தினார்கள். பார்வைக்குப் பழசு, பாதுகாப்பில் புதுசு. 2012-இல் இந்த மையம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

கவனியுங்கள், அவர்கள் பழசு என்பதற்காகப் பழசைக் கும்பிடவில்லை. தேய்ந்ததை மாற்றினார்கள். மாற்றாமல் விட்டது மணிக்கு எத்தனை பேர் என்ற அந்த ஒரு எண்ணைத்தான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நண்பர்களே! டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்மில் பலருக்கு முதல் வேலை பராமரிப்புப் பிரிவில்தான் கிடைக்கும். புதுசாக டிசைன் செய்கிறவனுக்கு மாலை விழும், பழசை ஓட வைக்கிறவனுக்கு கிரீஸ் கறைதான் மிச்சம் என்று நாமே நம்மைத் தாழ்த்திக்கொள்கிறோம். அது தப்பு. எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரு மலை பிழைத்திருப்பது, ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் முன்னால் தூண் ஏறி சக்கரத்தையும் கவ்வியையும் தட்டிப் பார்த்த கைகளால்தான்.

நாளைக்கு ஒரு போர்வெல்லுக்கு பம்ப் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், இல்லை ஒரு குவாரிக்கு கிரஷர் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கேட்டலாக்கைத் திறந்ததும் பெரிய எண்ணைத்தான் கண் தேடும். அப்போது ஒரு நிமிஷம் நின்று, அந்த பம்ப் எவ்வளவு இறைக்கும் என்பதோடு அந்தக் கிணறு எவ்வளவு கொடுக்கும் என்றும் கேளுங்கள். இரண்டு எண்ணில் எது சின்னதோ, அதை வைத்து டிசைனைத் தொடங்குங்கள்.