ஓடையை அளந்து பார்ப்போம்

லூமுட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் டிண்டிங் ஆறு. ஆனா, தாமான்களுக்குப் பின்னால் ஓடும் சின்ன ஓடைகளை ‘லோங்காங்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஓடையைக் காக்கவும், அதன் கரையில் நாம் நடந்து மகிழவும் ஒரு பசுமை வழி வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? அதுதான் இந்தப் பாடம்.

முதல் படி, அளவு. கரைக்குக் கரை அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஜேபிஎஸ் எனப்படும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியில், 5 மீட்டருக்கும் குறைவான ஓடைக்கு ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர் நிலம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அகலம் 5 முதல் 10 மீட்டர் என்றால் 10 மீட்டர். 10 முதல் 20 என்றால் 20 மீட்டர். ஆனால் இது வழிகாட்டிதான். தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி அரசிதழில் வெளியானால்தான் அந்த ஒதுக்கு நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. நடைபாதை கேட்பதற்கு முன்னால், நில அலுவலகத்தில் இதைக் கேளுங்கள். இல்லைன்னா, நாளைக்கு அங்கே கடை வரிசை எழும்பும்போது காட்டுவதற்கு நம் கையில் ஒரு தாளும் இருக்காது.

இரண்டாம் படி, செடி முதலில், பாதை பிறகு. கடல் ஏற்றம் வரும் இடத்தில் கண்டல் மரங்கள் இருக்கட்டும். அவற்றின் வேர் மண்ணைப் பிடிக்கும். இறாலும் மீன்குஞ்சும் அங்கேதான் வளரும். மேலே நன்னீர்ப் பகுதியில் புல்லும் புதரும். பாதை இவற்றுக்குப் பின்னால்தான். சிமெண்டுக் கால்வாயில் மழைநீர் வேகமா ஓடி, கீழே இருப்பவர் வீட்டுக்கு வெள்ளமாகப் போகும். சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கி, 2012-இல் திறந்தார்கள். வெயில் நாளில் மக்கள் உட்காரும் அதே புல்தரை, பெருமழையில் ஆறாகிவிடும்.

மூன்றாம் படி, நாம். ஆற்றை அம்மா என்று கும்பிடுகிறோம். பூஜை முடிந்ததும் மாலையைப் பிளாஸ்டிக் பையோடு அதே அம்மா மேல் எறிகிறோம். கோயிலில் பூவுக்கு ஓர் உரக்குழி, பிளாஸ்டிக்கிற்குத் தனித் தொட்டி. இதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம்.

கிளைக் கூட்டத்தில் பேசுவதற்கு:
1. உங்கள் ஓடை எங்கே தொடங்கி, எங்கே ஆற்றில் சேர்கிறது?
2. அதன் ஒதுக்கு நிலத்தில் இப்போது என்ன இருக்கிறது?
3. அடுத்த திருவிழாவுக்குள் உரக்குழி தோண்ட யார் யார் வருவீர்கள்?