கடல் கடந்த கட்டுமரம்

மொழிகள் தம்முள் சொற்களைக் கொண்டும் கொடுத்தும் வளர்வது இயல்பு. சாந்தோமில் வாழும் எனக்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஊர்ப்பெயரே போர்த்துகீசியர் தந்தது. 'சான்' என்பது புனிதர். 'தோம்' என்பது தோமையார். இரு சொற்கள் கூடி நம் நாவில் ஒன்றாயின. இக்கடற்கரையோரத் தமிழிலிருந்து எதிர்த்திசையில் சென்ற தொடர்மொழி ஒன்றுண்டு. அதுவே 'கட்டுமரம்'. ஆங்கிலேயர் அதனைக் 'கேட்டமரான்' என்றனர்.

1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் உலகப் பயண நூல், சோழமண்டலக் கரையின் மிதவை என இச்சொல்லைக் குறிப்பிடுகிறது. ஆனால் காலப்போக்கில் பொருள் மாறியது. 1876இல் அமெரிக்கரான ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' போன்ற இரட்டை உடல் பாய்மரப் படகுகளுக்கும் இப்பெயரே வழங்கலாயிற்று. பின்னர் மூன்று உடல் கொண்ட படகு தோன்றியபோது 'ட்ரைமரான்' என்றனர். 'ட்ரை' என்றால் மூன்று. எஞ்சிய 'மரான்' படகின் உடலைக் குறிக்கும் ஈறு போலாயிற்று. அது நம் 'மரம்' அன்றோ! கட்டு அவிழ்ந்தது, மரம் மட்டும் மிதந்தது.

சொல்லைச் சரியாகப் பிரிக்க நம் இலக்கணமே துணை. கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. ஊறுகாய், சுடுசோறு போன்றவற்றை வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். கட்டுமரத்திலோ இலக்கணமும் தொழிலும் ஒன்றாகவே நிற்கின்றன. இலேசான மரங்களை ஆணியின்றிக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் செல்வர். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து, நீர் ஊறிய மரங்களை வெயிலில் உலர்த்துவர். மறுமுறை செல்லுமுன் மீண்டும் கட்டுவர். நேற்றுக் கட்டியது, இன்று கட்டுவது, நாளை கட்டப்போவது எல்லாம் அதே மரந்தான்! காலம் காட்டாத இப்பெயர் எத்துணைப் பொருத்தம்!

சாந்தோம் கரையில் இன்று கண்ணாடி இழைப் படகுகளே மிகுதி. கட்டும் கைகள் அருகி வருகின்றன. தொழில் மறைந்தால், சொல்லின் முதற்பாதிக்குப் பொருள் கூறுவார் நம்மிடையேயும் இரார். ஆதலின் மாணவ நண்பர்களே, முடிச்சிடும் முறையையும் அதன் சொற்களையும் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். ஆங்கில அகராதியைப் புரட்டும் வேளையில் நன்னூலையும் அருகில் வைத்துக்கொள்வோம்.